என்னைப் பிடித்த ஜின்னும் அதைக் கண்ட கழுதையும்

நான் ஒரு விஞ்ஞான ஆசிரியன். ஒளி பற்றிய பாடத்தை வருடம் தவறாமல் அம்புக்குறி போட்டு விளக்குகிறவன். அப்படிப்பட்ட நான், ஒரு சனிக்கிழமை பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு, என்னை மாப்பிள்ளை கேட்டு வந்தவர்களுக்கு முன்னால், “எனக்கு ஜின் பிடிச்சிருக்கு” என்று சொந்த வாயாலேயே சொன்னேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

எல்லாம் புதுப் போனில் தொடங்கியது. கலியாணம் பேசுகிற வயதில் கையில் நல்ல போன் இருக்க வேண்டும் என்று நானே முடிவெடுத்து வாங்கியது. சார்ஜ் இறங்காமல் இருக்க அதன் வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து வைத்திருந்தேன் (கஞ்சத்தனம் என்று சொல்லாதீர்கள், சிக்கனம்). அழைப்பு எடுப்பதைத் தவிர நான் அதில் செய்த ஒரே வேலை, பின்னேரங்களில் அறையில் இருந்து குர்ஆன் ஓதுவதுதான்.

மூன்றாம் நாள் அது வந்தது. ஓதிக்கொண்டிருக்கும்போது இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ விரலை வைத்து அழுத்தியது போல இருந்தது. பார்வையைத் திருப்பினால் எழுத்துகளும் கூடவே வந்தன. ஒரு வரி நாலு வரியாகப் பிரிந்து சுவரில் ஓடி மறைந்தது. வயிற்றைக் குமட்டியது. வெளியே காற்றுக்கூட இல்லை. ஆனால் என் முதுகுக்குப் பின்னால் ஏதோ நிற்கிறது என்று அடித்துச் சொல்லியிருப்பேன். திரும்பினேன். அலுமாரி மட்டும் நின்றது. போனை வைத்து அரை மணித்தியாலம் போனதும் எல்லாம் சரியாகிவிட்டது.

அடுத்த நாளும் அதே நேரம், அதே விரல்.

பள்ளிவாசலில் அச்சடித்த குர்ஆனை ஓதினால் ஒன்றுமே இல்லை. வீட்டில் போனைத் திறந்து ஓதினால் வந்துவிடும். மாணவர்களுக்கு ‘மாறியை இனங்காண்க’ என்று கேள்வி போடுகிறவன், போனைச் சந்தேகித்திருக்க வேண்டும் அல்லவா? நான் கண்ட முடிவு வேறு: அது பள்ளிவாசலுக்குள் வராது, வீட்டில் எனக்காகக் காத்திருக்கிறது!

பயம் தாங்காமல் தாத்தாவிடம் சொன்னேன் (எங்கள் பக்கம் அக்காவைத்தான் தாத்தா என்போம்).

“யா அல்லாஹ்! ஓதக்குள்ள மட்டுமா வருது?”

“ஓம்.”

“அப்ப அதுதான். ஓதினா அதுக்கு எரியும். நீ விடாம ஓது, ஓத ஓதத்தான் ஓடும். வெளிய மட்டும் செல்லிராத. அடுத்த கிழமை நுரைச்சோலையில இருந்து வாராங்க, நினைவிருக்கா?”

நினைவில்லாமலா? அதற்கு முன் வந்த மூன்று பேச்சும் கைகூடவில்லை. நுரைச்சோலைப் பெண் நஸீஹாவின் படத்தை ஒருமுறை பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தப் பேச்சும் முறிந்தால் என்ன செய்வேன் என்று உண்மையாகவே அழுகை வந்தது. ஆகவே விடாமல் ஓதினேன். வெளிச்சம் கண்ணைக் குத்தியதால் ஜன்னலைச் சாத்தி, திரைச்சீலையை இழுத்து, போன் வெளிச்சத்தை இன்னும் மங்கலாக்கி, இருட்டுக்குள் இருந்து ஓதினேன். நான் ஓத ஓத அது நெருங்கி வந்தது. அந்தக் கிழமை முழுவதும் நான் கண்ணாடியில் முகம் பார்க்கவில்லை.

சனிக்கிழமை அவர்கள் வந்தார்கள். பெண்ணின் வாப்பா, உம்மா, தங்கச்சி, இரண்டு மாமாமார். வட்டிலப்பம் பரிமாறி முடிந்ததும் பெண்ணின் வாப்பா சொன்னார்: “தம்பி, ஒரு யாசீன் ஓதித் தொடங்குவமே.”

தாத்தா அலுமாரியில் இருந்த, யாசீன் அத்தியாயம் அச்சடித்த கிதாபை எடுக்க எழும்பினாள். “தேவல்ல தாத்தா, போன்ல ஈக்கு” என்றேன். பெண் வீட்டார் புதுப் போனைப் பார்க்க வேண்டாமா? என் அறிவு அவ்வளவுதான். நான் ஓதுவதை நஸீஹாவுக்குக் காட்ட, தங்கச்சிக்காரி என் பக்கவாட்டில் நின்று தன் போனை உயர்த்திப் பிடித்து வீடியோ எடுக்கத் தொடங்கினாள்.

முதல் பக்கம் போனது. இரண்டாம் பக்கத்தில் விரல் வந்து அழுத்தியது. எழுத்துகள் பெண்ணின் வாப்பா இடுப்பில் கட்டியிருந்த வெள்ளைச் சாரனில் ஏறி ஓடின. சபையில் யாரும் அசையவில்லை; எல்லோரும் என் குரலையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னால் யாரோ மூச்சு விடுவது கேட்டது (என்னுடைய மூச்சுத்தான், அது பிறகுதான் தெரியும்).

அந்த நேரம் பார்த்து வேலிக்கு வெளியே ஒரு கழுதை கத்தியது.

எங்கள் கற்பிட்டிப் பக்கம் கழுதைகள் சும்மா தெருவில் திரியும். ஆனால் கழுதை கத்தினால் அது ஷைத்தானைக் கண்டிருக்கிறது என்று எங்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். சபை முழுக்க “அஊது பில்லாஹ்” என்று அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடியது. எனக்கு உயிர் போய்விட்டது. தின்ற வட்டிலப்பம் முழுவதையும் அந்த வெள்ளைச் சாரனிலேயே கொட்டினேன்.

“பாவம், சாப்பாடு ஒத்துக்கொள்ளல்ல போல” என்று பெண்ணின் உம்மா தண்ணீர் எடுக்க ஓடினார். பாருங்கள், அவர்கள் வட்டிலப்பத்தைத்தான் சந்தேகித்தார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பியிருப்பேன். நான் அழுதுகொண்டே சொன்னேன்: “இல்ல மாமி, எனக்கு ஜின் பிடிச்சிருக்கு. கழுதையும் கண்டிட்டுது!”

தாத்தா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பெண்ணின் வாப்பா சாரனைத் தூக்கிப் பிடித்தபடி, “அல்லாஹ் காப்பாத்தட்டும் தம்பி” என்று சொல்லி வேனில் ஏறினார்.

அடுத்த நாள் தாத்தாவின் போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. “உனக்காம்” என்று நீட்டினாள்.

“நான் நஸீஹா. நேத்து நீங்க ஓதின வீடியோவ எட்டுத் தரம் பாத்தன்.”

மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

“உங்கட முகத்தில ஒண்டுமில்ல. உங்கட போனப் பாத்தீங்களா? அதில கறுப்புக் கோடு கோடா ஏறிப் போகுது.”

“கோடா? அதுதான் அதுவா?”

“எது? ஐயோ, வெளிச்சத்தக் குறைச்சா சில போன் செக்கனுக்கு நூத்துக்கணக்கான தரம் அணைஞ்சு அணைஞ்சு எரியும். சும்மா பாத்தா தெரியாது. கெமராவில கோடாத் தெரியும். சில பேருக்குத் தலை தாங்காது. என்ட பழைய போன்ல எனக்கும் இதேதான், வாந்தியும் எடுத்தன். ஆனா நான் ஜின் எண்டு செல்லல்ல, போன் எண்டு செல்லினன். வெளிச்சத்தக் கூட்டுங்க. செட்டிங்ஸில மினுக்கத்தக் குறைக்கிற ஒண்டும் ஈக்கு, அதையும் போடுங்க.” பிறகு கேட்டாள்: “நீங்க சயன்ஸ் சேர்தானே?”

வெளிச்சத்தைக் கூட்டினேன். அவள் சொன்னதையும் தேடிப் போட்டேன். பின்னேரம் அதே அறையில், அதே கதிரையில் இருந்து யாசீனை முழுதாக ஓதினேன். விரல் வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று கத்தியதில் தாத்தா பயந்து ஓடி வந்தாள்.

வீடியோவில் இருந்த கோடுகளைக் காட்டி மாமனாரைச் சம்மதிக்க வைக்க நஸீஹாவுக்கு ஒரு மாதம் எடுத்தது. மாமி மட்டும் முழுதாக நம்பவில்லை. கலியாணத்தன்று நான் பெண் வீட்டு வாசலில் வந்து நின்றதும், “நில்லுங்க மகன்” என்று போனை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்து, மேலும் கீழுமாக வீடியோ எடுத்தார். பிறகு உள்ளே திரும்பிச் சொன்னார்: “கோடில்ல. வரச் செல்லுங்க!”

அன்றிலிருந்து ஒவ்வொரு பெருநாளுக்கும் அந்த வாசலில் எனக்கு இந்தச் சோதனை உண்டு. மாமி போனைத் தூக்குவார், மச்சினிமார் வரிசையாக நின்று சிரிப்பார்கள், நஸீஹா எனக்கு முன்பே உள்ளே போய்விடுவாள். போன பெருநாளும் மாமி நிதானமாக எடுத்து முடித்து, “கோடில்ல” என்று போனை இறக்கினார். நான் செருப்பைக் கழற்றிக் காலை உள்ளே வைத்தேன். வேலிக்கு வெளியே கழுதை ஒன்று கத்தியது.

மாமி போனை மறுபடியும் தூக்கினார். “கொஞ்சம் பொறுங்க மகன். இன்னொருக்கா எடுப்பம்.”