அன்லிமிட்டெட் அத்தான்

மன்னாருக்குப் பருவத்தில் வந்து போகும் பூநாரைகளைப் பார்க்கக் கொழும்பிலிருந்து நீளமூக்குக் கமெராக்களோடு ஆட்கள் வருகிறார்கள். ஆண்டு முழுவதும் இங்கேயே மேயும் இன்னோர் இனத்தை ஒருவரும் படமெடுப்பதில்லை. பாவம், அதற்கு இறகில்லை. அதன் பெயர் அன்லிமிட்டெட் அத்தான்.

உங்களுக்கு அவரைத் தெரியும். "வேண்டிய மட்டும் சாப்பிடலாம்" என்று பலகை தொங்கும் கடையில் வெறுஞ்சோற்றிலேயே கோபுரம் கட்டி, நண்டுக் கறிச் சட்டியை அடையும் முன்பே ஏப்பம் விட்டு, விட மனமில்லாமல் நண்டையும் உள்ளே தள்ளி, பொழுதுபடும்வரை வயிற்றைத் தடவிக்கொண்டு "அளவே இல்லை, தெரியுமோ!" என்று பெருமைப்படுகிறவர். அளவில்லாத அழைப்பு என்று பக்கேஜ் போட்டுவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவரோடு போனில் கதைக்கிறவர். தனக்கு எவ்வளவு தேவை என்று அவருக்குத் தெரியாது. அளவில்லை என்பது மட்டும் தெரியும்.

மன்னார்க் கடலோரத்து மீன்பிடிக் கிராமமான தாழ்வுபாட்டுச் சின்னராசா இந்த இனத்தில் முதல் தரம். அவர் மனைவியின் தங்கை சிசிலியா கருவாடு போட்டு விற்கிறவர். ஆவணியில் மடு மாதா கோவில் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிற சனம், திரும்பும்போது பெட்டிக்குள் கருவாடு இல்லாமல் விமானம் ஏறாது. வருமுன்பே பார்த்துச் சொல்லிவைக்க ஓர் இணையத்தளம் இருந்தால் நல்லது என்று சிசிலியா நினைத்தார். அதில் பிழையில்லை. அத்தானிடம் சொன்னார். அதுதான் பிழை.

தளத்தை வைத்திருக்க ஒரு கம்பனியிடம் இடம் வாடகைக்கு எடுக்க வேண்டும். சின்னத் திட்டமே தாராளமாகப் போதும். எடுப்பாரா?

"அன்லிமிட்டெட் எடுத்திட்டன் பிள்ளை! கடல் மாதிரி. கடலுக்கு ஆரும் அளவு வைச்சவையோ?"

தாழ்வுபாட்டில் பிறந்தவர் கேட்கிற கேள்வியா இது? படகை இன்னும் கொஞ்சம் தள்ளி விட்டுப் பார்த்தால், கடலில் எல்லைக் கோடு எங்கே இருக்கிறதென்று கடற்படையே வந்து காட்டாதா? ஒரு விளைமீனை வாங்க மூன்றுதரம் செவுளைத் தூக்கிப் பார்த்து, வயிற்றை அமத்தி, மணந்து, விற்கிறவரின் பரம்பரையையே சந்தேகித்துவிட்டு அடுத்த கூறுக்குப் போகிற அதே மனிதர், கம்பனியின் நிபந்தனைப் பக்கத்தை ஒற்றை விரலால் மேலே தள்ளி "ஒத்துக்கொள்கிறேன்" என்பதை அமத்தினார்.

பிறகு படமெடுப்பு. வகைக்கு ஒரு படம் போதும் என்றார் சிசிலியா.

"விசரே உனக்கு? எங்கட சனம் புரட்டிப் பாராமல் கருவாடு வாங்குமோ? ஒவ்வொண்டையும் எடுப்பம். முன்பக்கம், பின்பக்கம், வால்."

"நெத்தலியையும் ஒவ்வொண்டாவோ அத்தான்?"

"ஏன், நெத்தலி மீனில்லையோ? இடம் சும்மாதானே கிடக்கு!"

கட்டா, பாரை, திருக்கை, நெத்தலி என்று சகலமும் அடையாள அட்டைக்குப் போல நின்று படம் பிடித்துக்கொண்டன. ஏற்றிய ஒவ்வொரு படத்துக்கும் தளம் தானாகவே பெரிதும் சிறிதுமாகப் பல பிரதிகள் செய்துகொண்டது. அத்தான் அதோடு விட்டாரா? மருமகனின் ஞானஸ்நான வீடியோ, மீனவர் சங்கக் கூட்டங்களில் தான் ஆற்றிய உரைகள், வீட்டு வளவுக் கமெராவில் விழுந்த கோழிகள் எல்லாம் உள்ளே போயின. இவை அழிந்துவிட்டால்? அதற்கும் வழி கண்டார். கிழமைக்கொருமுறை எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி எடுத்து, அதே இடத்திலேயே வைத்தார்.

திருவிழாவுக்கு முந்தின கிழமை தளம் படுத்துவிட்டது. கருவாடு காய்ந்து பெட்டி கட்டத் தயாராக இருந்தது. வெளிநாட்டுச் சனம் கேட்காவிட்டால் மொத்த வியாபாரி வந்து, வாய்க்கு வந்த விலை சொல்லி அள்ளிக்கொண்டு போவார். சிசிலியாவின் பருவமே அந்த ஒரு கிழமைதான்.

அத்தான் கம்பனிக்குப் போன் போட்டார். அங்கே ஒரு பெண்பிள்ளை எடுத்தாள். பக்கத்தில் சிசிலியா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"அன்லிமிட்டெட் எண்டுதானே தந்தனீங்கள்?"

"ஓம் சேர். இடத்துக்கு வரம்பில்லை. கோப்புகளின்ர எண்ணிக்கைக்குத்தான் வரம்பு. நீங்கள் அதைத் தாண்டிட்டியள்."

"அப்ப இடம் இருக்கு, வைக்கத்தான் ஏலாது?"

"ஓம் சேர்."

"இது என்ன பிள்ளை நியாயம்?"

"நியாயமான பயன்பாடு எண்டு நிபந்தனையில போட்டிருக்கு சேர். தேவையில்லாததை அழிச்சா திறந்து விடுவம்."

தேவையில்லாதது! அத்தானிடம் அப்படி ஒன்று இருந்தால்தானே? பிரதிகளை அழிக்கப் பயம். கோழிகளை அழிக்கப் பாசம். "கருவாட்டுப் படங்களைக் கொஞ்சம் குறைப்பமே?" என்று மெல்லக் கேட்டார்.

"கருவாட்டுக் கடையில கருவாட்டைக் குறைச்சு, உங்கட பேச்சை வைக்கிறதோ? ஆர் வாங்குவினம் அத்தான் அதை? கூட்டத்தில சும்மா குடுத்தே சனம் எழும்பிப் போச்சுது. கடவுச்சொல்லைச் சொல்லுங்கோ."

சொன்னார். பிரதிகள் போயின, கோழிகள் போயின, உரைகள் போயின. நெத்தலிக்கு ஒரே ஒரு படம் மிஞ்சியது. இரண்டு நாள் கழித்துத் தளம் திறந்தது. அதற்குள் பாதிச் சனம் வேறிடத்தில் சொல்லிவிட்டது. மீதிப் பாதி வாங்கியது. எஞ்சியதை வியாபாரி இளித்துக்கொண்டே அள்ளிப் போனார். கடவுச்சொல்லை சிசிலியா மாற்றிவிட்டார். அத்தானுக்குச் சொல்லவில்லை.

அவர் திருந்தியிருப்பார் என்கிறீர்களா? போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது சிசிலியாவை மறித்தார். "பிள்ளை, வேற கம்பனி ஒண்டு கண்டுபிடிச்சிட்டன். இவங்கள் 'உண்மையான அன்லிமிட்டெட்' எண்டே போட்டிருக்கிறாங்கள்!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று. உங்கள் போனில் "இடம் போதாது" என்று கொஞ்ச நாளாக ஓர் அறிவித்தல் வந்து வந்து நிற்கிறதே, அதை வாசித்தா பார்த்தீர்கள், இல்லை, ஒற்றை விரலால் மேலே தள்ளினீர்களா?