நிரூபிக்கப்பட்ட பிளக்

நெருப்பு, சக்கரம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக மனித குலம் நன்றியோடு நினைக்க வேண்டியது, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நடந்தேறிய ஆராய்ச்சி. ஒரு மனைவி என்ற முறையில் இதைச் சொல்லவில்லை. அந்த மேஜை 'ஆய்வுக்கூடம்' ஆகிவிட்டதால் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டவள் என்ற முறையில் சொல்கிறேன்.

எனக்கு ஒரு தங்கை. சின்ன வயதில் நாங்கள் விளையாடிய பழைய கேம் கன்சோல் என்னிடம்தான் இருக்கிறது. அதில் இருவர் சேர்ந்து ஆடும் ஓர் ஆட்டம். கடைசியில் ஓர் இரும்புக் கதவு வரும். இரண்டு பேரும் ஒரே நொடியில் பட்டனை அழுத்தினால்தான் திறக்கும். நாங்கள் ஒருமுறைகூடத் திறந்ததில்லை. அவள் முந்துவாள், நான் பிந்துவேன், அப்புறம் இருவரும் தலைமுடியைப் பிடித்துக்கொள்வோம்.

அம்மா போன பிறகு தலைமுடியைப் பிடித்துக்கொள்வதுகூட நின்றுவிட்டது. அம்மாவின் தையல் மெஷின் யாருக்கு என்ற பேச்சு வந்தபோது, என் கணவர் எங்கள் இருவரையும் தனித்தனியே 'விசாரித்து' தீர்ப்பு வழங்கினார். மெஷினின் தலை தங்கைக்கு. ஸ்டாண்ட் எனக்கு. சரிபாதி. பாதி மெஷினை வைத்துக்கொண்டு இருவரில் ஒருத்தியாலும் தைக்க முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் நேர்மைக்குச் சாட்சி. அம்மா மெஷினில் போய்ப் பாதி கேட்டாளே பாவி என்று நான் அவளோடு பேச்சை விட்டேன். அவளும் என்னோடு விட்டாள்.

இப்போது அவளுக்கு வெளிநாட்டில் வேலை. கிளம்பப் போகிறாள் என்று தெரிந்ததும் மனசு கேட்கவில்லை. "ஞாயிற்றுக்கிழமை வா, அந்தக் கதவைத் திறந்து பாத்துடலாம்" என்று செய்தி அனுப்பினேன். "விளையாட வரேன். பேச வரல" என்று பதில் வந்தது. நான் அழுதேன். என் கணவர் விஷயத்தைத் தொழில்நுட்பக் கண்ணோட்டத்தில் அணுகினார். கன்சோலுக்கு இருந்த இரண்டு கன்ட்ரோலர்களில் ஒன்று செத்துப்போயிருந்தது.

"பழைய சாமான் கடையில இதே கன்ட்ரோலர் தொங்குதுங்க. வாங்கிட்டு வந்துடலாமே?" என்றேன்.

"கடையில வாங்கினா அது கன்ட்ரோலர். நாமளே பண்ணினா அது சாதனை."

பரணிலிருந்து வேறொரு கம்பெனி கன்சோலின் கன்ட்ரோலரை எடுத்தார். அந்த இரண்டு கம்பெனிகளும் அந்தக் காலத்தில் ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்காதவை. பிளக்கும் வேறு, பாஷையும் வேறு. நடுவில் ஒரு சின்ன போர்டை உட்காரவைத்து, இது சொல்வதை அதற்குப் புரியும்படி மாற்றிச் சொல்ல வைக்க வேண்டும். இந்த மகத்தான சமாதானப் பணிக்காகக் குழு அமைக்கப்பட்டது. தலைவர், என் கணவர். உறுப்பினர், மாடி வீட்டுப் பல் டாக்டர். சால்டரிங் அயர்ன் பிடித்தால் அவருக்குக் கை நடுங்காது.

சும்மா சொல்லக் கூடாது, போர்டு தயாராகிவிட்டது. அதை எங்கள் கன்சோலில் செருக ஒரு பிளக் மட்டும் பாக்கி. அந்த மாதிரிப் பிளக்கை இப்போது யாரும் தயாரிப்பதில்லை.

"செத்துப்போன கன்ட்ரோலர்ல இருக்கே, அதை வெட்டிக்கோங்க" என்றேன்.

இருவரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"கெட்டுப்போன கன்ட்ரோலரோட பிளக்கை எப்படிம்மா நம்பறது?"

"கெட்டது பட்டன்தானேங்க? பிளக் நல்லாத்தானே இருக்கு?"

"அதுக்கு நிரூபணம் இருக்கா?"

"சொத்தைப் பல்லுக்குப் பக்கத்துப் பல்லை நானே நம்பமாட்டேன் மேடம்" என்றார் டாக்டர்.

"வேலை செய்யறதுல இருக்கற பிளக்தான் நிரூபிக்கப்பட்ட பிளக்" என்றார் தலைவர். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எனக்கு ஓட்டுரிமை கிடையாது, டீ போடும் உரிமை மட்டும் உண்டு. போட்டுக்கொண்டு வருவதற்குள் நல்ல கன்ட்ரோலரின் ஒயரை வெட்டிவிட்டிருந்தார்கள்.

"ஐயையோ! என்னங்க இது!"

"பயப்படாதீங்க மேடம். வேர் நல்லா இருக்கு" என்று டாக்டர் ஆறுதல் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். இளைத்திருந்தாள். சோபாவின் அந்தக் கோடியில், கைப்பையை மடியிலிருந்து இறக்காமல் உட்கார்ந்தாள். இந்தக் கோடியில் நான். நடுவில், டாக்டரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, என் கணவர் உரையாற்றினார்.

"ஜென்ம விரோதிங்களா இருந்த ரெண்டு கம்பெனியை இன்னிக்கு நான் பேச வெச்சிருக்கேன்!"

பட்டனை அழுத்தினார். திரையில் பொம்மை குதித்தது. பொய் சொல்வானேன், நானும் கைதட்டினேன்.

"ரெண்டாவது எங்க மாமா?" என்றாள் தங்கை.

"எந்த ரெண்டாவது?"

"ரெண்டு பேர் ஆடற ஆட்டம் மாமா."

குழு மேஜையைப் பார்த்தது. ஒயர் அறுந்த ஒன்று, செத்துப்போன ஒன்று. ஆராய்ச்சிக்கு முன்பு எங்களிடம் வேலை செய்யும் கன்ட்ரோலர் ஒன்று இருந்தது. ஆராய்ச்சிக்குப் பிறகும் ஒன்று இருந்தது. 'நிலையான வளர்ச்சி' என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான் போலும்.

தங்கை எழுந்தாள். போய்விடப் போகிறாள் என்று நினைத்து நானும் எழுந்தேன். அவள் மேஜைக்குப் போய், செத்ததன் பிளக்கைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"ஏன்க்கா, இதை வெட்டியிருக்கலாமே?"

அக்கா என்றாள்!

"அதைத்தான்டி நானும் சொன்னேன். நான் சொன்னா எங்க கேக்கறாரு? அன்னிக்கு மெஷினையும் முழுசா உனக்கே குடுத்துடுங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்."

"எனக்கா?"

"வேற யாருக்கு? தைக்கத் தெரிஞ்சவ நீதானே."

அவள் பையைக் கீழே வைத்தாள். "நான் அக்காவுக்கே குடுத்துடுங்கன்னு சொன்னேன்க்கா. நீதான் பாதி கேட்டேன்னு நெனச்சேன்."

இருவரும் திரும்பி நடுநிலையாளரைப் பார்த்தோம்.

"ரெண்டு பேருமே விட்டுக்குடுத்தீங்க. யாராவது ஒருத்தர் பக்கம் பேசினா தப்பாயிடும் இல்லையா? அதான் சரிபாதி போட்டேன்" என்றார். டாக்டர் மெல்ல மாடிப்படியைப் பார்க்க ஆரம்பித்தார்.

"ஸ்டாண்ட் இருக்காக்கா?"

"இருக்குடி. துணி போட்டு மூடி வெச்சிருக்கேன்."

"ஊருக்குப் போறதுக்குள்ள தலையைக் கொண்டுவந்து மாட்டிடறேன்."

என் கணவரின் முகம் மலர்ந்தது. சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்தார். "தலையையும் ஸ்டாண்டையும் சேக்கணுமா? இவ்ளோ நாள் ஆச்சே, சரியா உக்காராது. நடுவுல ஒரு அடாப்டர் மட்டும் வெச்சா..."

"தொடாதீங்க!"

ஒரே குரல். ஒரே நொடி. அவள் முந்தவில்லை, நான் பிந்தவில்லை.

எங்களைச் சேர்த்துவைத்த பெருமை என் கணவருடையது. பிரித்துவைத்த பெருமையும் அவருடையதுதான். இரண்டையும் சரிபாதியாகப் பிரித்து அவருக்கே கொடுத்துவிட்டோம்.