கொழும்புத்துறைப் பரியாரியின் உப்புக்காற்று

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாயால் கெட்டவர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினால், கொழும்புத்துறைப் பரியாரியைத் தேர்தல் வைக்காமலே தலைவராக்கிவிடலாம். பரியாரி என்றதும் எண்ணெய், குளிகை என்று நினைத்துவிட வேண்டாம். அவர் வைத்தியம் பார்ப்பது கமராக்களுக்கு. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறதாம். அது அவருக்கே மறந்திருக்கும்.

பட்டப்பெயர் சும்மா வரவில்லை. கமராவை மேசையில் வைத்தால் மனிதர் அதைத் தொடவே மாட்டார். முதலில் விசாரணை. இரவில் எங்கே வைக்கிறீர்கள், அலுமாரியிலா அடுக்களையிலா? மழையில் நனைந்ததா? கடைசியாக யாரைப் படம் எடுத்தீர்கள், அவர் சுகமாக இருக்கிறாரா? இதெல்லாம் முடிந்த பிறகுதான் கமராவைத் தூக்கிக் காதோடு வைத்து, கண்ணை மூடி, பொத்தானை ஒருமுறை அமத்துவார். நாடி பார்க்கிறாராம்.

மேசைக்கு எதிரே, பின்பக்கம் பெருத்த பழைய பெட்டி ரிவி ஒன்று. அதன் மேல் மாதா சொரூபம். ரிவியில் காலையிலிருந்து சத்தமில்லாமல் நாடகம் ஓடும். மனிதருக்கு நாடகப் பைத்தியம் என்று அயலட்டையில் பேச்சு. உண்மை வேறு. அந்தக் காலத்து ரிவி ஒவ்வொரு கோடாக மேலிருந்து கீழே படம் வரையும். வேகத்தைக் கூட்டி அதைப் படம் எடுத்தால், கமராவின் சட்டர் ஒழுங்காகத் திறந்து மூடுகிறதா, எங்கேயாவது இழுபடுகிறதா என்று பட்டைகளில் தெரிந்துவிடும். நாடகக்காரிகளை அவர் அரை முகமாகவும் கால் முகமாகவுமே பார்த்து வந்திருக்கிறார். யார் மாமி, யார் மருமகள் என்று கேட்டால் விழிப்பார். கமராவுக்குள் இருக்கிற மெல்லிய தகடுகளின் குணமோ அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

சிக்கல் அவருடைய வாயில்தான். பத்தில் எட்டுப் பேருக்கு அவர் சொல்வது ஒரே வசனம், "பழுது கமராவிலை இல்லை, உங்களிலை." பெண் பார்க்கப் போன இடத்தில் எடுத்த படமெல்லாம் கலங்கிவிட்டது, சட்டர் போய்விட்டது என்று ஒரு பொடியன் வந்தான். பரியாரி படங்களைப் பார்த்தார், அவனையும் பார்த்தார். "சட்டருக்கு ஒண்டுமில்லை, தம்பி. உமக்குத்தான் கை நடுங்குது. பிள்ளையைப் பிடிச்சிருக்கெண்டால் கெதியாய்க் கட்டும்." அவன் கோபித்துக்கொண்டு போய், கட்டியும்விட்டான்.

பங்குச் சுவாமியாரையும் விட்டுவைக்கவில்லை. திருநாள் படங்களின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழுகிறது என்று அவர் வந்தபோது, பிளாஷ் போட்டுக்கொண்டு வேகத்தையும் கூட்டினால் அப்படித்தான் வரும் என்றார் பரியாரி. அதோடு நிறுத்தியிருக்கலாம். இது பழுது பார்க்கிற விசயமில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சொல்கிற விசயம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டார். நல்லகாலம், சுவாமியார் சிரிக்கத் தெரிந்தவர்.

இப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் குடும்பத்தின் நிம்மதியைக் கொண்டுபோய் வைக்க வேண்டி வந்தது.

எனக்கு அப்போது கலியாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. உடுவிலில் வீடு. கலியாணம், சாமத்தியவீடு என்று படம் எடுத்துப் பிழைப்பு. கனடா மச்சான் பாவித்துவிட்டுத் தந்த பழைய டிஜிற்றல் கமராதான் எங்களுக்குச் சோறு போட்டது. அம்மாவுக்கு என் மனைவி நளினியின் சாதகத்தில் திருப்தியில்லை. கிணற்று மோட்டர் எரிந்தாலும் பசு பாலைக் குறைத்தாலும், நளினிக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும் குரலைத் தாழ்த்தி, "எல்லாம் வந்த நேரம்" என்பார்.

நவராத்திரி வாணி விழா முடிந்த கையோடு ஒரு கலியாண வீடு. எடுத்த படங்களை வீட்டில் வந்து பார்த்தேன். பாதிப் படங்களில் மேல்பக்கம் ஒரே கறுப்பு. தாலி கட்டுகிற படத்தில் தாலி இருக்கிறது, கை இருக்கிறது, இரண்டு பேருக்கும் தலை இல்லை. பெண் வீட்டார் என்னை என்ன பாடுபடுத்தினார்கள் என்பதை இங்கே எழுத முடியாது. அம்மாவுக்கோ அது பெரிய அபசகுனம். கமராவில் பழுதிருந்தால் பரவாயில்லை, இல்லையென்றால் இது கிரகம்தான் என்றார். அப்படியானால் நேரே சாத்திரியாரிடம் போவது, கிரகம் மாறுமட்டும் நளினியைத் தாய் வீட்டில் விடுவது என்று முடிவே எடுத்துவிட்டார். போய் இருக்கத் தொடங்கினால் எத்தனை நாளில் திரும்பி வருவாள் என்று யாருக்குத் தெரியும்? அவளுடைய பை கட்டிலுக்குக் கீழே ஆயத்தமாக இருந்ததை நான் கண்டேன்.

பரியாரி சொல்வதைத் தன் காதால் கேட்க வேண்டும் என்று அம்மாவும் ஓட்டோவில் ஏறிக்கொண்டார். மூன்று பேரும் போய் அவர் முன்னால் வரிசையாக உட்கார்ந்தோம்.

விசாரணை முடிந்தது. நாடியும் பார்த்தாயிற்று. ரிவியை மெதுவான வேகத்தில் எடுத்தார், முழுப்படம் வந்தது. வேகத்தைக் கூட்டினார், எத்தனை முறை எடுத்தாலும் நாடகக்காரிக்கு மூக்குக்கு மேலே இருட்டு. சட்டர் தகடு எங்கேயோ தடக்குப்படுகிறது என்று முணுமுணுத்துக்கொண்டு லென்சைக் கழற்றி, ரோச் அடித்துப் பார்த்தார். பிறகு சிறிய சாமணத்தை உள்ளே விட்டு, அரிசிக் குறுணலில் பாதி அளவான மஞ்சள் துகள் ஒன்றை எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார். ஸ்பிரிற்றில் நனைத்த பஞ்சால் உள்ளே மெல்லத் துடைத்தார்.

சந்தனம் மணத்தது.

எனக்கு விளங்கிவிட்டது. வாணி விழாவுக்கு எல்லோரும் கமராவுக்கு வெளியில்தான் சந்தனப் பொட்டு வைப்பார்கள். நான் லென்ஸ் மாற்றுவதைப் பார்த்துப் பழகிய நளினி, அதைக் கழற்றி உள்ளேயே பொட்டு வைத்திருக்கிறாள். உழைக்கிறது உள்ளே இருக்கிறதுதானே என்று நினைத்திருப்பாள். காய்ந்த சந்தனம் உதிர்ந்து தகட்டுக்குள் போயிருக்கிறது. பரியாரி எங்கள் மூன்று பேரின் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தார். நளினியின் முகத்தில் பார்வை நின்றது. இனி அந்த வசனம்தான் வரப்போகிறது என்று பயந்தேன். அம்மா ரிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நளினி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"பிள்ளை, எழும்பி உந்த ரிவியை ஒருக்கா நிப்பாட்டி விடுங்கோ" என்றார் பரியாரி. அந்த ரிவி நின்று நான் பார்த்ததேயில்லை. அவள் எழுந்து போனதும் அம்மாவின் பக்கம் திரும்பினார். "அக்கா, உது உப்புக்காத்து. தகட்டிலை பிடிச்சுப்போட்டுது. ஆரிலையும் பிழையில்லை."

அம்மா லேசில் விடுகிற ஆளா? "உடுவிலிலை எங்காலை தம்பி உப்புக்காத்து?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கடலுக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையில் எத்தனை தோட்டம் இருக்கிறது என்று அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லக்கூடியவர். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர் அகப்பட்டுக்கொண்டார் என்றே நினைத்தேன். அவர் பஞ்சை மடித்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டே, "காத்துக்கு வேலி அடைக்க ஏலுமே, அக்கா?" என்று கேட்டார்.

வேலிக்காகவே பக்கத்து வளவோடு பல வருடம் கதை பேச்சில்லாமல் இருக்கிற அம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். "அதுவும் சரிதான்" என்றார். வரும் வழியில் சாத்திரியார் வீட்டுப் படலையைத் தாண்டி ஓட்டோ ஓடியது. நிறுத்தச் சொல்லி அம்மா கேட்கவில்லை. அன்றிரவே நளினியின் பை பழையபடி அலுமாரிக்கு மேலே போய்விட்டது.

போன வருடம், விஜயதசமிக்கு எங்கள் மகளுக்கு ஏடு தொடக்கிய அன்று, நளினிக்கு அந்தப் பாரம் தாங்கவில்லை. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அம்மா சந்தனக் கிண்ணத்தைத் தூக்கி அவள் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"எனக்கு அண்டைக்கே தெரியும், பிள்ளை. எந்த ஊர் உப்புக்காத்து சந்தனம் மணக்கும்? சொன்ன சொல்லிலை இருந்து இறங்கிறதுக்கு எனக்கும் ஒரு வழி வேண்டியிருந்தது. அந்த மனுசன் எனக்காகவும்தான் பொய் சொன்னது."

நான் கொழும்புத்துறைப் பக்கம் போகிறேன் என்றால் இப்போதெல்லாம் அம்மா முருங்கைக்காய்க் கட்டொன்றைக் கையில் தந்து, "தம்பியையும் ஒருக்கா எட்டிப் பார்த்திட்டு வா" என்கிறார். பரியாரி என்ற சொல் அவர் வாயில் வருவதில்லை. என் கமராவும் நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனாலும் அதைத் தோளில் கொழுவிக்கொண்டுதான் போகிறேன். பரியாரி அதைக் காதோடு வைத்துக் கண்ணை மூடுகிறபோது, எனக்கே ஏதோ சுகமாகிறது போலிருக்கும்.