பதினோராவது விதி

“இங்கிலீஷ் ஃபாரம் தீர்ந்துபோச்சு சார். ஹிந்திதான் இருக்கு” என்றார் இருதயசாமி. எழுத்தாளர்களுக்கு மானியம் வழங்கும் அந்த சர்க்கார் அலுவலகத்தின் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து திருநெல்வேலித் தமிழ் கேட்டது வேதாந்தத்துக்குப் பெரிய ஆறுதல். ஆனால் ஆறுதல் அதோடு முடிந்தது.

வேதாந்தத்துக்கு ஹிந்தி வாசிக்கத் தெரியாது. அறுபத்தைந்தாம் வருஷத்து ஹிந்தி எதிர்ப்பில், கும்பகோணத்தில் மாணவராக இருந்தபோது, அந்த எழுத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்று மேடையேறிச் சபதம் செய்திருந்தார். மறு வருஷமே தில்லியில் குமாஸ்தா வேலை கிடைத்துவிட்டது. காய்கறிக்காரனிடம் பேரம் பேசும் அளவுக்கு நாக்கு சபதத்தை மீறியது. கண்கள் மட்டும் பதிமூன்று வருஷமாக விடாப்பிடியாக இருந்தன.

ஆனால் இந்த மானியத்தை விட முடியாது. எட்டு வருஷமாக எழுதிய நாவல் போன வாரம்தான் முடிந்திருந்தது. அறுநூறு பக்கம். அச்சுச் செலவில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொண்டால் புத்தகம் போடலாம் என்று மதராஸ் பதிப்பாளர் எழுதியிருந்தார். வேதாந்தத்திடம் இருந்ததோ நாவல் மட்டும்தான். சாவதற்குள் தம் பெயரை ஒரு புத்தகத்தின் அட்டையில் பார்த்துவிட வேண்டும் என்று அவர் தவித்துக்கொண்டிருந்தார்.

ஹிந்தி ஃபாரத்தையே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பால் டிப்போ கியூவிலும் நின்று அங்கே கொடுத்ததையெல்லாம் திணித்துக்கொண்டு, சரோஜினி நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்து, பையை மனைவி ஜலஜாவிடம் நீட்டினார். ஜலஜா கல்யாணத்துக்கு முன்பே ஹிந்திப் பரீட்சைகளை எல்லாம் எழுதித் தேறியவள். பாட்டில்களை எடுத்து வைத்துவிட்டுப் பையிலிருந்த காகிதங்களைப் புரட்டினாள். ஒன்றைச் சட்டென்று படித்துவிட்டாள். இன்னொன்றைச் சற்று அதிக நேரம் பார்த்தாள்.

“ஃபாரத்தை நானே நிரப்பிடறேன். ஆனா, விதிமுறைன்னு தனியா ஒரு தாள் இருக்கே!”

“என்ன போட்டிருக்கு?”

“பதினொண்ணு இருக்கு. முதல் விதி, கதாநாயகன் ரெண்டு பக்கத்துக்கு மேல தனக்குத்தானே பேசிக்கப்படாது.”

வேறொருவராக இருந்தால் சிரித்திருப்பார். வேதாந்தம் சிரிக்கவில்லை. நாற்காலிக்குக் கால் உடைந்தால் மூன்று பிரதிகளில் எழுதிக் கேட்க வேண்டும் என்ற விதியை ஆபீசில் அமல்படுத்தி வருபவரே அவர்தான். எண் போட்டு வந்த எதையும் அவர் கேள்வி கேட்டதில்லை.

“மொட்டைமாடி அத்தியாயத்துல இருபது பக்கம் பேசறானேடி!”

“ஐயோ பாவம். எடுத்துடுங்கோ.”

“மீதி பத்தையும் சொல்லேன்.”

“ஒண்ணொண்ணா முடியுங்கோ. உங்களுக்கு பிளட் பிரஷர்” என்று தாளை மடித்து அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தாள்.

மறுநாளே வேதாந்தம் அலறிக்கொண்டு சமையலறைக்கு வந்தார்.

“மொட்டைமாடியிலதானே வேலையை விடறதுன்னு தீர்மானம் பண்றான்? அதை எடுத்தாச்சுன்னா அடுத்த அஞ்சு அத்தியாயம் ஏன் பட்டினி கிடக்கறான்னே புரியாதே!”

ஜலஜா தாளை எடுத்துப் பார்த்தாள். “நல்லவேளை. ரெண்டாவது விதி, பட்டினி ஒரு அத்தியாயத்துக்கு மேல நீடிக்கப்படாது.”

“சர்க்கார் அப்படியா சொல்றது?”

“சர்க்காருக்கு அது கௌரவக் குறைச்சல் இல்லையா?”

அது நியாயமாகத்தான் பட்டது. பட்டினியைக் குறைத்தார்.

நாலாவது விதி இன்னும் மோசம். ஒரு பாத்திரம் ஒரு தடவைதான் அழலாமாம். கதாநாயகியின் தாயார் அழுவதைத் தவிர வேறெதுவும் பெரிதாகச் செய்ததில்லை. மீதிக் கண்ணீரைத் துடைத்த பிறகு, ஒரு தடவை அழுது, இரண்டு முறை காப்பி கொண்டுவந்து வைப்பவளாக மட்டும் மிஞ்சினாள்.

“கல்யாணத்துக்கு எதிர்ப்பு சொல்ல ஆளே இல்லாம போயிடுத்துடி! இனிமே அந்தப் பொண்ணு எதுக்கு ரிஷிகேஷுக்கு ஓடறது?”

“ஓட வேண்டாமே. ரயில் சார்ஜ் மிச்சம்.”

அவள் ஓடாததால் ரிஷிகேஷ் போயிற்று. ரிஷிகேஷோடு அங்கிருந்த சாமியாரும் போனார், அவருடைய நூறு பக்க உபதேசமும் போயிற்று. அன்று வேதாந்தம் சாப்பிடவில்லை. வாழ்க்கையைப் பற்றித் தமக்குத் தோன்றியதை எல்லாம் அந்தச் சாமியாரின் வாயில்தான் போட்டு வைத்திருந்தார். ஜலஜாவோ அன்று வேதாந்தத்துக்குப் பிடித்த சேமியா பாயசம் வைத்திருந்தாள்.

எட்டு வருஷமாக ஞாயிறு மத்தியானங்களில் அவர் அத்தியாயங்களை உரக்கப் படிப்பது வழக்கம். ஜலஜா அரிசியில் கல் பொறுக்கியபடி கேட்பாள். முடித்ததும் “நன்னா இருக்கு” என்பாள். அரிசியில் அவ்வளவு கல் கிடையாது. அவர் முடிக்கும்வரை பொறுக்குவாள். பத்து விதிகளும் முடிந்து மாறிப்போன நாவலை முதலிலிருந்து படித்துக் காட்டலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“இருங்கோ. பதினொண்ணாவது விதியைச் சொல்லலையே. முடிவு தெரியறவரைக்கும் பிரதியை வீட்டுல உரக்கப் படிக்கப்படாது.”

“ஏனாம்?”

“ரகசியம் காப்பாத்தறதுக்குன்னு போட்டிருக்கு.”

தம் நாவல் சர்க்கார் ரகசியமாகிவிட்டதில் வேதாந்தத்துக்கு ஒரு பெருமிதம் உண்டாயிற்று. விதித்தாளை வாங்கி பயபக்தியுடன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஜலஜா அன்று மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினாள்.

அறுநூறு பக்கம் இருநூறாகி, விண்ணப்பத்தோடு போய்ச் சேர்ந்தது. குளிர்காலம் வந்து, ஸ்வெட்டர்கள் மறுபடி பெட்டிக்குள் போகிற சமயத்தில் ஆபீசுக்கு இருதயசாமியிடமிருந்து போன் வந்தது. வேதாந்தம் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினார்.

“சார், சாங்ஷன் ஆயிட்டு! கமிட்டியில எல்லாரும் ஒரே குரலா உங்களுக்குத்தான்னு சொல்லிட்டாவ” என்று இருதயசாமி கையைப் பிடித்துக் குலுக்கினார். “வந்ததுலயே வளவளன்னு இல்லாத நாவல் இது ஒண்ணுதான்னு எழுதியிருக்காவ. மத்தவங்க எல்லாம் எழுநூறு, எண்ணூறு பக்கம்லா அனுப்பியிருக்காவ!”

வேதாந்தத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தோற்றுப்போனவர்கள் மேல் கொஞ்சம் இரக்கமும் வந்தது.

“பாவம், அவாள்லாம் விதியைப் படிக்கலை போலிருக்கு.”

“எந்த விதி சார்?”

“இதான்” என்று சட்டைப் பையிலிருந்து மடிப்பு நைந்த தாளை எடுத்து நீட்டினார். “பதினொண்ணையும் ஒண்ணு விடாம கடைப்பிடிச்சேன். கடைசி விதிதான் ரொம்பக் கஷ்டம். ஆத்துக்காரி எவ்வளவு ஏங்கியிருப்பாளோ! நான் ஒரு வரிகூடப் படிச்சுக் காட்டலையே!”

இருதயசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடியும் முன்பக்கத்தை முதலிலிருந்து படித்தார்.

“சார், இது பால் டிப்போ நோட்டீஸ்லா! பதினொண்ணாவது விதி, காலி பாட்டிலைக் கழுவித்தான் திருப்பிக் கொடுக்கணும்.”