போன வாரக் கடிதத்தை அச்சில் ஏற்ற வேண்டாம்

கிளமெண்டி,
சிங்கப்பூர்.
பிப்ரவரி 1988

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

கிளமெண்டி பதினோராம் மாடியிலிருந்து ம. சிலுவைராஜ், ஓய்வுபெற்ற கப்பல் கம்பெனி குமாஸ்தா, பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் அச்சகத்தாரும் ஆண்டவர் அருளால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நானும் என் மனைவி உர்சுலாவும் நலம். அதாவது முந்தாநாள் தைப்பூசத்து மத்தியானத்திலிருந்து நலம். அதற்கு முன் இரண்டு வாரம் நலமில்லை.

போன வாரம் "வாசகர்களே, உஷார்!" என்று தலைப்பிட்டுத் தங்களுக்கு ஆறு பக்கம் எழுதியிருந்தேன். அதில் சேதுபதி என்பவரைத் திருடன் என்று ஏழு இடத்திலும், நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு ஊரை ஏய்ப்பவன் என்று இரண்டு இடத்திலும் குறிப்பிட்டு, வீட்டு விலாசத்தையும் கொடுத்திருந்தேன். தயவுசெய்து அதைப் போட்டுவிடாதீர்கள். அச்சுக் கோத்திருந்தால் கலைத்துவிடுங்கள். அவர் தங்கமான மனிதர். கல்யாண வயதில் அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள். என் கடிதம் ஊர்வாயில் விழுந்தால் அந்தப் பிள்ளையைப் பெண் கேட்டு யார் ஐயா வருவார்கள்?

நடந்ததைச் சொல்கிறேன். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். எங்காவது கடற்கரைப் பக்கம் ஒரு வாரம் கூட்டிப்போகிறேன் என்று கல்யாணத்தன்றே வாக்குக் கொடுத்தவன் நான். அப்போதுதான் தங்கள் பத்திரிகையிலேயே அந்தச் சின்ன விளம்பரம் கண்ணில் பட்டது. மலேசியாவில் போர்ட் டிக்சன் கடற்கரையில் டைம்ஷேர் வீடு, ஒரு வாரம் வாடகைக்கு என்று. டைம்ஷேர் என்றால் ஒரே வீட்டை ஐம்பது பேர் சேர்ந்து வாங்கி, ஆளுக்கு வருஷத்தில் ஒரு வாரம் இருந்துகொள்வதாம். கேட்டவுடனேயே எனக்குப் பகீரென்றது. ஒரு வீட்டை அண்ணன் தம்பி இரண்டு பேர் பங்கு போட்டாலே வெட்டுக்குத்து! ஆனால் உர்சுலாவின் முகத்தைப் பார்த்தேன், பேசாமல் போன் பண்ணிவிட்டேன்.

சிராங்கூன் ரோட்டுக் காப்பிக்கடையில் சந்தித்தோம். சேதுபதி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். முழு வாடகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, கோயில் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் ரசீது எழுதிக் கொடுத்தார். "என் வாரத்தை உங்க பேருக்கு மாத்தச் சொல்லிடுறேன் சார், கவலைப்படாதீங்க"ன்னார். கவலைப்படாதேன்னு ஒருத்தர் சொன்னாத்தானே ஐயா நமக்குக் கவலையே ஆரம்பிக்குது! வீட்டுக்கு வந்து அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பாக்குறேன். முன்பக்கம் ராகுகாலம், பின்பக்கம் என் பணம்.

பத்து நாள் கழிச்சு போன் போட்டா மணி அடிக்குது, யாரும் எடுக்கல. காலைல போட்டேன், மத்தியானம் போட்டேன், அன்னைக்கு முழுக்க போட்டேன். சரின்னு வீட்டுக்கே போனா பூட்டு. பக்கத்து வீட்டுப் பூவம்மா கதவைக் கொஞ்சமா திறந்து, "அவரு வீட்டுல இல்ல லா, தைப்பூசம் முடிஞ்சுதான் வருவாரு"ன்னு சொல்லிட்டு டப்புன்னு சாத்திட்டா. நேரா போய் போர்ட் டிக்சனுக்கு டிரங்க் கால் போட்டேன். "சேதுபதி பேர்ல புக்கிங் இருக்கா?"ன்னு கேட்டா, அங்க புக்கிங் பாக்குற பொண்ணு இனிக்க இனிக்கச் சொல்றா, "கேன்சல் ஆயிடுச்சு சார்." அன்னைக்கு எழுதுனதுதான் அந்த ஆறு பக்கம். உர்சுலா மட்டும் பக்கத்துல உக்காந்து, "அந்தாளு முகத்தைப் பார்த்தா அப்படித் தெரியலையே"ன்னா. முகத்தைப் பார்த்து ஏமாந்தவங்கதான் உலகத்துல ஜாஸ்தின்னு சொல்லி நான் அவ வாயை அடைச்சேன்.

முந்தாநாள் ஆளைக் கையும் களவுமா பிடிச்சிடணும்னு தைப்பூசக் காவடியெல்லாம் கிளம்புற பெருமாள் கோயில் வாசலுக்குப் போய் நின்னேன். பிடிச்சும் விட்டேன். ஆனா எப்படிப்பட்ட நிலைமையில? தோள்ல காவடி, ரெண்டு கன்னத்தையும் துளைச்சு வேல், நாக்குல அலகு! மனுஷன் வாயைத் திறக்க முடியாது, தலையை ஆட்டக்கூட முடியாது. அப்பவாவது நான் சும்மா வந்திருக்கணும். விடல ஐயா. "மிஸ்டர் சேதுபதி, ரூம் இருக்கா இல்லையா?"ன்னு கேட்டுக்கிட்டே கூட நடந்தேன். அவர் ஒரு கையைத் தூக்கி விரிச்சுக் காட்டினார். அது பொறுங்கன்னு சொல்றதா, கை விரிக்கிறதா, எனக்கு ஆசீர்வாதம் பண்றாரா, ஒண்ணும் புரியல. சுத்தி இருக்கிற ஜனம் "வேல் வேல்"ங்குது, நான் "ரூம் ரூம்"ங்கிறேன்.

அவர் கூட வந்தவங்க என்னைச் சொந்தக்காரன்னு நினைச்சு, அவர் உக்கார வச்சிருந்த முக்காலியை என் கையில கொடுத்துட்டாங்க. வேண்டாம்னு எப்படிச் சொல்றது? சிலிகி ரோட்டுல தார் கொதிக்குது. அவர் நிக்கிற இடத்துல எல்லாம் நான் முக்காலி போடுறேன், எலுமிச்சம்பழம் பிழியறேன், கால்ல தண்ணி ஊத்துறேன். எங்க மாதா கோயில் பாட்டுக்குழுவுல முன்வரிசையில நிக்கிற பிலோமினம்மாள் அந்த நேரம் பாத்தா ரோட்டோரம் நிக்கணும்? என்னைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கிட்டாங்க. டோபி காட் தாண்டறப்ப அவர் கால் தள்ளாடிச்சு. சத்தியமா சொல்றேன், அந்த நிமிஷம் எனக்கு ரூமும் ஞாபகமில்ல, போர்ட் டிக்சனும் ஞாபகமில்ல. "இன்னும் கொஞ்சம் தூரம்தான், விட்டுடாதீங்க"ன்னு கத்துறேன். குரல் என்னோடதுதான்னு எனக்கே நம்ப முடியல.

டேங்க் ரோடு முருகன் கோயில்ல காவடியை இறக்கி, அலகை எடுத்து, விபூதியை வச்சு அழுத்தினாங்க. ஒரு வாய் பால் குடிச்சார். அப்புறம் என்னைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை, "சார், உங்க பேரைச் சொல்லிக் கேட்டீங்களா?"

நான் கேட்கல ஐயா. சேதுபதி பேரைச் சொல்லித்தானே கேட்டேன்! அவர் சொன்ன சொல் மாறாம வாரத்தை என் பேருக்கு மாத்திட்டார். அதனாலதான் அவர் பேர்ல இருந்தது கேன்சல். விரதத்துக்காக வீட்டைப் பூட்டிட்டு குடும்பத்தோட கோயில் பக்கமே தங்கியிருக்கார், போன் எடுக்க ஆளில்ல. சாயந்திரம் நான் திரும்பவும் டிரங்க் கால் போட்டு என் பேரைச் சொன்னேன். "வெல்கம் மிஸ்டர் சிலுவைராஜ், கடலைப் பார்த்த மாடி"ன்னா அதே பொண்ணு. அப்பாடா! ரிசீவரை வச்சுட்டு நான் அழுதுட்டேன். உர்சுலா காப்பி கொண்டுவந்து கொடுத்துட்டு துணி மடிக்கப் போயிட்டா.

ஆகவே ஐயா, அந்த ஆறு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிடும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் இதழும் இல்லமும் குறைவின்றி விளங்க எங்கள் மாதாவை வேண்டுகிறேன். முருகனிடமும் சொல்லிவைக்க இப்போது ஆள் இருக்கிறது.

தங்கள் உண்மையுள்ள,
ம. சிலுவைராஜ்

பி.கு.: இந்தக் கடிதத்தை உர்சுலாவிடம் கொடுத்து, ஓடிப்போய்த் தபாலில் சேர்த்துவிடு என்றேன். அவள் ஓடவில்லை. அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துவந்து திறந்தாள். மேலேயே இருக்கிறது போன வாரத்து ஆறு பக்கம்! அதற்குக் கீழே பஸ் கம்பெனிக்கு எழுதியது, தண்ணீர் பில்லுக்கு எழுதியது, பங்குச் சாமியாருக்கு எழுதியது, என் அண்ணன் லாசரசுக்குச் சொத்து விஷயமாய் எழுதிய நாலு. "கோபத்துல எழுதினது எதையும் நான் போட்டதில்லைங்க. போட்டிருந்தா இன்னைக்கு நமக்கு அண்ணன் இருப்பாரா?" என்கிறாள். எங்கள் பஸ் ஸ்டாப்புக்குக் கூரை வந்ததே என் கடிதத்தால்தான் என்று எட்டு வருஷமாய் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் ஐயா! ஆக, தங்களுக்கு வந்தே சேராத ஒரு கடிதத்தைப் போட வேண்டாம் என்றுதான் இவ்வளவு நேரம் கெஞ்சியிருக்கிறேன். இதை அனுப்புவதா கிழிப்பதா என்று எனக்கே புரியவில்லை. இப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இந்தக் கடிதத்தை முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறாள். இது தங்கள் கைக்கு வந்து சேர்ந்தால், அவள் சம்மதித்துத்தான் போட்டிருக்கிறாள் என்று அர்த்தம்.