கர்த்தருக்கு ஒரு வெள்ளைச் சேவல்

வேண்டிக்கொண்டதைச் செய்யாமல் விட்டால் சாமி சும்மா விடாது. கடத்தூர்ப் பக்கத்தில் இது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். என் சித்தப்பா தீர்த்தமலையில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டு மறந்துவிட்டார். அதன்பின் அவர் வீட்டில் மாடு உதைத்ததிலிருந்து மிக்ஸி புகைந்தது வரை அத்தனைக்கும் அந்த மொட்டைதான் காரணம். (அவருக்கு நினைவு வந்தபோது எடுப்பதற்கு முடியே மிச்சமில்லை.) இப்படிப்பட்ட வம்சத்தில் பிறந்த ஒருத்தி வேதபாட வகுப்புக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர். லோடுக்கு மேல் தார்ப்பாய் கட்டும்போது வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்தது. எழுந்து நடப்பாரா என்று கேட்டால் டாக்டர் முகத்தைப் பார்க்காமல் "பார்ப்போம்" என்பார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆப்பிளோடு ஆளுக்கொரு கதையும் கொண்டுவந்தார்கள். எந்தக் கதையிலும் விழுந்தவன் எழவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் தையல்கடை எஸ்தர் என்னை வியாழக்கிழமை வகுப்புக்குக் கூப்பிட்டாள். என்னைவிடச் சின்னவள். கடை ஷட்டரைப் பாதி இறக்கி, மிஷின்களைச் சுவரோரம் தள்ளி, பாய் விரித்து, வாரம் ஒரு பாடம் பைபிளிலிருந்து நடத்துவாள். நான் பக்தியால் போகவில்லை. அங்கே இருக்கும்வரை "அவரு எப்பிடி இருக்காரு?" என்று யாரும் கேட்கமாட்டார்கள், அதற்காகப் போனேன். போகப் போக, அடுத்த வாரம் என்ன சொல்வாள் என்று மனசு வியாழக்கிழமையைத் தேட ஆரம்பித்தது. நடக்க முடியாத ஒருவனை, கூட்டத்துக்குள் நுழைய வழியில்லாமல், கூரையைப் பிரித்துப் படுக்கையோடு இயேசுவின் முன்னால் இறக்கிய கதையைச் சொன்ன அன்று வீடு வரை அழுதுகொண்டே வந்தேன். வழியிலேயே பேச்சுவார்த்தையும் முடித்துவிட்டேன். இயேசுசாமி, இவரை எழுப்பி நிறுத்துங்கள், ஒரு சேவல் தருகிறேன்.

சில வாரம் கழித்து ஒரு காலையில், வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். கால் வெடவெடவென்று நடுங்கியது. ஆனாலும் நின்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். கேட்டது நிஜமாகவே நடந்துவிட்டது என்று உடம்பெல்லாம் புல்லரித்தது. அது அடங்கியதும் பயம் வந்தது, சேவலை நினைத்து.

எங்கள் குலசாமிக்கென்றால் கறுப்புச் சேவல். இவருக்கு எது பிடிக்கும் என்று வகுப்பில் இன்னும் சொல்லித்தரவில்லை. படத்தில் வெள்ளை உடுத்தியிருக்கிறாரே என்று வெள்ளையாகவே பிடித்தேன். முறைப்படி அதன் தலையில் தண்ணீர் தெளித்தேன். சேவல் உடம்பை உலுக்கியது. உலுக்கினால் சாமிக்குச் சம்மதம். (தண்ணீர் பட்டால் எந்தச் சேவல்தான் உலுக்காது என்று அன்றைக்குத் தோன்றவில்லை.) காலைக் கட்டி, ஒயர் கூடையில் உட்காரவைத்து, துண்டால் மூடி, எஸ்தர் கடைக்குக் கொண்டுபோய்த் தையல் மிஷினுக்கு அடியில் வைத்தேன். பாடம் முடிந்ததும் அவளிடம் கேட்டு, அறுக்கிற இடத்தில் அறுத்துவிடலாம் என்பது திட்டம்.

அன்றைய பாடம் பேதுரு. சேவல் கூவுவதற்குள் என்னைத் தெரியாது என்று மூன்று முறை சொல்வாய் என்று இயேசு அவரிடம் முன்பே சொல்லியிருந்தாராம். நடுவில் கரண்ட் போனது. செல்போன் வெளிச்சத்தில் எஸ்தர் தொடர்ந்தாள். பேதுரு மூன்றாம் முறையும் தெரியாது என்று சொல்லிவிட்டார். அவள் அடுத்த வரிக்குப் போவதற்குள் கரண்ட் வந்தது, டியூப் லைட் பளிச்சென்று எரிந்தது, பொழுது விடிந்ததென்று நினைத்த என் சேவல் கடையே அதிரக் கூவியது.

ஒரு பெண் பாயிலேயே முழங்காலிட்டுவிட்டாள். பின்னாலிருந்து ஒருவர் "ஸ்தோத்திரம்" என்றார். சேவல் கூடையோடு உருண்டு வெளியே வந்து, யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட் துணிமேல் செய்யக்கூடாததைச் செய்தது.

"இது யாரோடதுங்க?" என்றாள் எஸ்தர்.

எனக்கும் தெரியாது என்று சொல்லிவிடத்தான் வாய் வந்தது. மறுபடியும் கூவித் தொலைத்தால் என்ன செய்வது என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"என்னோடதுங்க. இயேசுசாமிக்கு நேந்துக்கிட்டது. எங்க வீட்டுக்காரரு எந்திரிச்சு நின்னுட்டாருங்க."

கடையே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சிரிக்காதீங்க. குடுக்கலீன்னா மறுபடியும் அவர படுக்க வெச்சிருவாருங்களா? அத மட்டும் சொல்லுங்க."

சிரிப்பு நின்றது. எஸ்தர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நூல் வெட்டும் கத்தரியால் சேவலின் கால்கட்டை வெட்டினாள்.

"குடுத்தத திருப்பி வாங்கறவரு இல்லீங்கக்கா அவரு. நாளைக்கே அண்ணனுக்குக் கால் வலிச்சாலும் அது சேவலுக்காக இல்லீங்க. பலியெல்லாம் முடிஞ்சுபோச்சு. அவரே பலியாயிட்டாரு, உங்களுக்கும் சேத்துத்தான்."

"அப்ப இது சும்மாவா?"

"சும்மாத்தானுங்க."

எத்தனையோ வாரமாகக் காதில் விழுந்தது அன்றைக்குத்தான் மனசுக்குள் போனது. பிறந்ததிலிருந்து எனக்கு யாரும் எதையும் சும்மா கொடுத்ததில்லை. கொடுத்தவர்கள் அதைச் சொல்லிக்காட்டாமல் விட்டதில்லை. வானத்தையும் பூமியையும் படைத்தவர் எனக்காகத் தன்னையே கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு கோழிக்கால்கூட வேண்டாம் என்கிறார். அந்தப் பிரமிப்பு எனக்கு இன்றுவரை தீரவில்லை.

சேவலோடு திரும்பி வந்தவளிடம் விவரம் கேட்டு என் வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த மாதம் அவரே வாக்கரோடு வகுப்புக்கு வந்தார். எங்கள் வீட்டில் அந்தச் சேவல் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. பக்கத்து வீட்டிலிருந்து வந்த குழம்புக் கிண்ணத்தை எப்படி வெறுமனே திருப்பிக் கொடுப்பது என்று நான் தவித்தால், "சேவலத் தூக்காதம்மா" என்பாள் மகள்.

குளிர் நாளில் இன்னமும் அவருக்குக் கால் மரத்துப்போகும். கட்டிலில் உட்கார்ந்து தொடையைப் பிசைந்துகொண்டிருப்பார். பழைய பயம் எட்டிப்பார்க்க, நான் வாசலிலேயே நின்றுவிடுவேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிடும்.

"நீ சேவலத் தூக்காத. நான் மெதுவா எந்திரிச்சுக்கறேன்" என்று சொல்லி, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார்.