உரிமையாளர் என்ற கட்டத்தில் நான் எழுதிய பெயர்

கல்முனைக்குடி,
வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

கண்ணியத்துக்குரிய மச்சான் காலிதீன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கத்தார் வெயிலிலும் அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தையும், சம்பளத்தைப் பிந்தாமல் தரும் முதலாளியையும் தந்திருப்பான் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கு எல்லோரும் சுகம், என்னைத் தவிர. இந்தக் காலத்தில் கடிதமா என்று யோசிப்பீர்கள். வட்ஸ்அப்பில் போட்டால் கை தவறிக் குடும்பக் குழுவில் விழுந்துவிடும். போனில் கதைத்தால் உங்கள் ராத்தாவின் காதில் விழும். அதனால்தான் நாளை தோஹாவுக்குப் பயணமாகும் பக்கத்து வீட்டு ஸஜாத்திடம் கொடுத்து விடுகிறேன்.

உங்கள் உடன்பிறந்த ராத்தா ஸுஹைறா என்னோடு கதைத்து இன்றோடு ஆறு நாள். சோறு வருகிறது, தேத்தண்ணி வருகிறது, கதை மட்டும் வரவில்லை. நான் ஒரு கதிரையில், அவள் ஒரு கதிரையில், நடுவில் மகள் அப்ரா. "மகள், உங்கட வாப்பாட்டச் சொல்லுங்க, சோறு ஆறுது" என்கிறாள். சொல்ல வேண்டிய தேவையே இல்லை, எனக்குக் காது நன்றாகக் கேட்கும். அடுத்த மாதம் அப்ராவுக்குக் கலியாணம். மணமகளின் உம்மாவும் வாப்பாவும் இப்படி இருந்தால் ஊர் என்ன சொல்லும்? நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் உங்கள் ராத்தா கேட்பாள், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

குற்றம் என்னுடையதுதான், மறைக்கவில்லை. என் கூட்டாளி இராசதுரை சேர், சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர், கல்முனையில் பழம்பொருள் கண்காட்சி ஒன்று வைத்தார். வீட்டில் ஏதும் பழசு கிடந்தால் தரச் சொன்னார். ஒவ்வொரு நோன்பிலும் ஏழைகளுக்குக் கொடுக்கும் பித்றா அரிசி அளக்க நாம் எடுப்போமே, பித்தளைப் பூண் போட்ட மரக்கால், அதை உங்கள் ராத்தா வெளியே போன நேரம் பார்த்து உரப்பையில் சுற்றிக் கொண்டுபோனேன். சேர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஹமீட், இது இருநூறு வருசத்துக்குக் குறையாது போல கிடக்கு" என்றார். சாகாமக் குளத்து நீர்மட்டத்தை முப்பத்திரண்டு வருடம் ஒரு அங்குலம் பிசகாமல் எழுதிக்கொடுத்த மனிதன் நான். அந்த நான், பஞ்ச காலத்தில் கோட்டைக்கு நெல் அனுப்பியதற்காக ஒல்லாந்தத் தேசாதிபதி என் மூதாதைக்குக் கையால் கொடுத்த மரக்கால் இது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். எங்கிருந்து அந்தக் கதை வாயில் வந்தது என்று இப்போதும் தெரியவில்லை.

அதோடு நின்றிருந்தால் தப்பியிருப்பேன். சேர் ஒரு படிவம் நீட்டினார். அதில் 'உரிமையாளர்' என்று ஒரு கட்டம். மச்சான், நம் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான், வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிறந்த வீடு என் தங்கச்சிக்குப் போயிற்று. கலியாணம் முடித்து வந்த வீடு உங்கள் ராத்தாவுடையது. அதுவும் அடுத்த மாதம் அப்ராவின் பேருக்கு எழுதப்பட்டு, நாங்கள் இருவரும் பின்பக்கத்துச் சின்ன வீட்டுக்குப் போகப் போகிறோம். அறுபத்தெட்டு வயதில் எந்தக் கடதாசியிலும் அந்தக் கட்டத்தில் நான் பேர் எழுதியதில்லை. பேனை என்னைக் கேட்காமலே 'ஏ.எல். ஹமீட்' என்று எழுதிவிட்டது, முழுப் பேரும் கொள்ளவில்லை என்ற கவலைதான் அப்போது எனக்கு.

முதல் நாளே பார்க்கப் போன உங்கள் ராத்தா, கண்ணாடிப் பெட்டிக்குள் தன் வீட்டு மரக்காலைக் கண்டு, பக்கத்தில் என் பேரையும் வாசித்துவிட்டாள். நாலாம் நாள் அப்ராவைக் கூட்டிக்கொண்டு திரும்பவும் போனாள். நான் பின்னாலேயே போய்ச் சனத்துக்குள் நின்றேன். அவள் சத்தம் போடவில்லை. "சேர், இது ஒல்லாந்தன் தந்ததில்ல, எங்கட ஆமினா உம்மா ஒல்லாந்தன்ட ஆளிட்டப் பறிச்சது" என்றாள்.

பிறகு சொன்னாள் பாருங்கள். வரி நெல் அளக்க வந்தவன் கொண்டுவந்த மரக்கால் ஊர் மரக்காலை விட இரண்டு பிடி கூடக் கொள்ளுமாம். களத்தில் நின்ற ஆம்பிளைகள் எல்லோரும் வாய்மூடி நிற்க, ஆமினா உம்மா அதைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் குந்திவிட்டாளாம். மூன்று நாள். தொழுகைக்கு எழும்பும்போது மகளைக் குந்தவைத்துவிட்டுப் போவாளாம். மூன்றாம் நாள் அவன் ஊர் மரக்காலால் அளந்துகொண்டு, தன்னுடையதை விட்டுவிட்டுப் போனானாம். "அண்டையிலிரிந்து இது உம்மாவிட்ட இரிந்து மகளுக்குத்தான் வரும்" என்று முடித்தாள். இராசதுரை சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, என் பேர் போட்ட துண்டுக் கடதாசியைக் கிழித்தெறிந்து புதிதாக எழுதினார்: 'உரிமையாளர் ஸுஹைறா, அவருக்குப் பின் அப்ரா.'

மச்சான், எனக்கு வெட்கத்தை விடப் பெருமைதான் கூட வந்தது. ஒரு சாம்ராச்சியத்தையே குந்தியிருந்து தோற்கடித்த குடும்பத்தில் பெண் எடுத்திருக்கிறேன், முப்பத்தைந்து வருடம் அது தெரியாமல் சோறு தின்றிருக்கிறேன். அவள் கதைக்காவிட்டாலும் அந்த மனிசியின் பேத்தி என்று நினைத்துப் பொறுத்துக்கொள்வேன். ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

உங்கள் தொழிலில் அல்லாஹ் பறக்கத்தைப் பெருக்கி, கலியாணத்துக்குப் பத்திரமாய்க் கொண்டுவந்து சேர்க்கட்டும். பிள்ளைகளுக்கு என் சலாம்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான் ஹமீட்.

பி.கு: நான் உறை தேடி எழும்பிய இடைவெளியில் ஸுஹைறா கடிதம் முழுவதையும் வாசித்துவிட்டாள். ஆறு நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துக் கதைத்தாள். "நல்லாத்தான் எழுதியிரிக்கீங்க. ஆனா இத அனுப்பாதீங்க, காலிதீன் உருண்டு சிரிப்பான். அந்த மரக்கால் நான் ஓ.எல். சோதனை எழுதின வருசம் வாப்பா சம்மாந்துறைத் தச்சன்ட்டச் சொல்லிச் செய்வித்தது." அப்படியென்றால் ஆமினா உம்மா யார் என்று கேட்டேன். "உங்களுக்கு ஒரு தேசாதிபதி இருந்தா எனக்கு ஒரு உம்மா இருக்கப்படாதா?" என்றாள். இராசதுரை சேரிடம் உண்மையைச் சொல்வதா என்று கேட்டேன். கண்காட்சி முடிந்த பிறகு சொல்லலாமாம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாளைக்குத்தான் வருகிறார்களாம். ஆகவே மச்சான், மேலே எழுதியதை எல்லாம் கிழித்துவிடுங்கள். ஆமினா உம்மா வருகிற தாளை மட்டும் பத்திரமாய்த் திருப்பிக் கொண்டுவாருங்கள், அதை அப்ராவின் பேருக்கு எழுத வேண்டும்.